மடுவுக்கு வந்த புது நூல்

இது சத்தியமாக நடந்த கதை. முடி வெட்டுகிறவன் நான். கையில் கத்தி இருக்கும்போது பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நீட்டுவேன், அவ்வளவுதான். நாள் முழுக்க முடியைக் குறைக்கிறவன் கதையையாவது வளர்க்க வேண்டாமா?

போன வாரம் இதை என் கடையில் சொன்னபோது நம்ம பிளம்பர் பாதி முகம் நுரையோடு நாற்காலியில் இருந்தார். அவர் பெண்டாட்டியின் அண்ணன், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், பெஞ்சில் தையல்காரருக்கும் தபால்காரருக்கும் நடுவில் முறைத்துக்கொண்டிருந்தார்.

பிளம்பருக்கு வாரம் பூராவும் அடைத்த குழாயோடு சண்டை. ஞாயிற்றுக்கிழமை ஓடையில் டிரவுட் மீனோடு சண்டை. மிச்ச நேரம் மச்சானோடு. காரணம், ஓடை வளைகிற இடத்தில் இருக்கும் மடு. மீனெல்லாம் அங்கேதான், நிற்க ஒரு ஆளுக்குத்தான் இடம். ஒருமுறை பிளம்பர் முதல் நாளே போய்ப் படுத்துவிட்டார். காலையில் மச்சான் அவர் வயிற்றின்மேல் நின்று தூண்டில் வீசினார். (வயிறு நான் நீட்டினது.)

கடைசியில் பிளம்பரின் பெண்டாட்டியே தீர்ப்பு சொன்னாள்.

"வர்ற ஞாயிறு யாரு மொதல்ல மீன் புடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் மடு. தோத்த ஆளு அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

பிளம்பர் தூண்டிலுக்குப் புது நூல் வாங்கினார். டிரவுட்டுக்குக் கொக்கியில் மாட்டுவது புழு இல்லை, இறகில் கட்டின பொய் ஈ. அதற்குக் கனமே கிடையாது. நூலின் தடித்த முன்பாதிதான் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும். புருஷன் கைபட்டால் சிக்காகிவிடும் என்று அவள் நூலை ரீலில் சுற்றித் தரச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தாள்.

"குடு. சுத்துறதுதான் என் பொழப்பு. உன் புருஷன் சுத்துனா காக்கா வந்து முட்டை போட்டுரும்."

ஞாயிறு வந்தது. மடுவை விட்டுத் தள்ளி ஓடைக்கரையில் இரண்டு பேரும் நின்றார்கள். பிளம்பர் வீசினார், நூல் அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி வீசினார், தொப்பி போனது. மூன்றாவது வீச்சில் கொக்கி அவர் காதிலேயே மாட்டியது.

"என்ன மாப்ள, பெரிய மீனா?" என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே முழ நீளத்தில் ஒன்றைத் தூக்கினார். (சாண்தான்.) மடு போயிற்று.

வீட்டில் பிளம்பர் நூல் முழுவதையும் உருவினார். தடித்த பாதி ரீலின் அடியில் கிடந்தது. மெலிந்த வால் வெளியே. காயில்காரர் கடையில் எந்தக் கம்பி வந்தாலும் முதலில் தன் உருளைக்கு மாற்றித்தான் சுற்றுவார்கள். செப்புக் கம்பிக்குத் தலையும் வாலும் ஒன்று. இந்த நூலையும் அப்படி மாற்றிச் சுற்றியதில் தலை உள்ளே போய்விட்டது.

கடையில் கதையை இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"தெரியாம நடந்துச்சுய்யா," என்றார் காயில்காரர்.

"சுத்துனது தெரியாம. சரி. மொத வீச்சு கால்ல விழுந்துச்சே, அப்பவாவது தெரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டேன் நான்.

"தெரிஞ்சுது. அதுக்கு? போட்டியில எதிராளிக்குப் பாடம் நடத்துவாங்களா?"

"அப்ப மடு செல்லாது!" என்று எழுந்தார் தையல்காரர்.

"நீ யாருய்யா சொல்ல? உனக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாது," என்றார் தபால்காரர்.

தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். பிளம்பர் நுரையோடு பாய்ந்து மச்சானைப் பிடித்தார். பெஞ்சு கவிழ்ந்தது. நான் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "கண்ணாடி! என் கடைக் கண்ணாடி!" என்று கத்தினேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை.