கரிச்சுவர்

எங்கள் கோணலுக்குக் கழுத்தில் ஒரு கோளாறும் கிடையாது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார், அதனால் வந்த பட்டப்பெயர். பெண் பார்க்கப் போன இடத்திலும் அலமாரியைத்தான் பார்த்தாராம். அவர் பெண்டாட்டி சொல்லிச் சிரித்தது. ஆபீஸ்களுக்கு இன்டீரியர் செய்வது அவர் தொழில், வயரிங் என் தொழில். ரொம்ப நாளாகப் பல் ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் தவிர எதுவும் வரவில்லை.

அப்போதுதான் விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று மாட்டியது. தீப்பிடித்துக் கிடந்த பழைய அட்டைப்பெட்டி கம்பெனிக் கட்டடம்.

"எவன்கிட்டயும் இல்லாத மாதிரி இருக்கணும்" என்றார் முதலாளி.

கோணல் தலையைச் சாய்த்தார். பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை கரி. அதை அப்படியே விட்டு, முன்னால் கண்ணாடி, மேலே விளக்கு. முதலாளி சொக்கிப்போனார். விளக்கு போட்டது நான்தான், அழகாகத்தான் இருந்தது.

துடைக்க வந்த அக்கா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

"என்னக்கா, கரிக்குப் பயமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர் அந்தத் தீயிலதான் போனாரு. அங்கதான் கிடந்தாரு" என்றவள், கோணலிடம் திரும்பினாள். "வெள்ளை அடிச்சிருங்கண்ணே. எனக்கு இந்த வேலையும் வேணும். தினம் அது முன்னால நிக்க முடியாது."

"முதலாளிகிட்ட சொல்றேம்மா."

சொன்னார். முதலாளி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"கதை வேற இருக்கா? முதல்லயே சொல்றதில்லையா? அந்தம்மாவை ஒரு போட்டோ எடுத்து, கதையை எழுதிப் பக்கத்துல மாட்டிருங்க."

மறுநாள் முதலாளி வருவதற்குள் கோணலே கண்ணாடியைக் கழற்றி, வெள்ளையடிக்க ரோலரைப் பிடித்தார்.

"வம்பை விலைக்கு வாங்காதீங்கண்ணே" என்றேன்.

"வாளியை இப்படி நகர்த்து."

அந்த ஸ்டூடியோ அன்றோடு போச்சு. முதலாளி நாலு இடத்துக்குப் போன் போட்டு அவரை ஏசியதில் பல் ஆஸ்பத்திரியும் போச்சு. பெண்டாட்டி அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. இப்போது கோணல் ஒரு கடையில் ஜன்னல் திரைக்குத் துணி அளந்து வெட்டுகிறார்.

முதலாளி சும்மா விடுவாரா? ஓவியரைக் கூட்டிவந்து, வெள்ளைமேல் கரியை வரைய வைத்துவிட்டார். போட்டோவுக்கு மட்டும் அக்கா நிற்கவில்லை. நான் பல்பு மாற்றப் போனபோது, திரும்ப மாட்டியிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையாக்கா?"

"இது பெயிண்ட்டுதானே" என்றாள்.

கோணலிடம் போய்ச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"அசல் கரி அடியில அப்படியேதான் இருக்கு. உன் வாய் எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லி வைக்காத."