கத்துக்குட்டி நெரை

கத்துக்குட்டின்னா இப்ப எல்லாரும் வசவாத்தான் சொல்றாங்க. "போடா கத்துக்குட்டி, உனக்கென்ன தெரியும்"ங்கிறாங்க. கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கத்துக்கிற குட்டி, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். படிச்சவங்க கற்றுக்குட்டின்னு எழுதுவாங்களாம், எழுதட்டும். என்னைக் காப்பாத்தின பேரு அது.

திருச்சிச் சீமையிலிருந்து இலங்கையில ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இறங்கின கையோட எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டிருச்சு. கம்பளியில கட்டித் தூக்கிட்டுப் போய் பதுளை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஞாயித்துக்கிழமை நடந்து போனா முகத்தைப் பாத்துட்டு வரலாம். அந்த ஒரு நினைப்புலதான் கொழுந்துக் கூடையைத் தலையில மாட்டினேன்.

எங்க தோட்டத்துல ஒரு வழக்கம். புதுசா கொழுந்தெடுக்க வர்றவளை, நல்லா கை ஓடுறவங்க ரெண்டு பேருக்கு நடுவுல விடுவாங்க. அவ எடுக்குற வரிசைக்குக் கத்துக்குட்டி நெரைன்னு பேரு. அதுல எது கெட்டாலும் ரெண்டு பக்கத்துக்காரிகளும்தான் ஏச்சு வாங்கணும். எனக்கு இந்தப் பக்கம் ஒரு வாயாடி, அந்தப் பக்கம் வாயே தொறக்காத ஒருத்தி. ரெண்டு பேருக்கும் என் வயசுதான் இருக்கும்.

அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவங்க விறுவிறுன்னு முன்னால போயிட்டாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஊர்ல முருங்கைக்கீரை உருவின கை இது. கிளையைப் பிடிச்சு ஒரே உருவா உருவிட்டேன்! கொழுந்து, முத்தின இலை எல்லாம் கூடைக்குள்ள. கூடை ரொம்பிருச்சேன்னு பெருமை வேற. திரும்பிப் பாத்தா நெரை பூரா செடி மொட்டையா நிக்குது.

கங்காணி வந்து பாத்தாரு. "அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே! நாளைக்கே இவளை நம்ம தொரையோட ஹல்துமுல்லைத் தோட்டத்துக்குப் புல்லு வெட்ட அனுப்பிர்றேன்"னு குதிச்சாரு. அது எங்கேயோ தூரத்துல இருக்கு. அங்கிருந்து பதுளைக்கு எப்படி வர்றது? அவரு காலைப் பிடிச்சு அழுதேன்.

வாயாடி குறுக்க வந்து நின்னா. "அவளை ஏங்க ஏசுறீங்க? கத்துக்குட்டி நெரைங்க இது. நாங்கதான் பாக்காம போயிட்டோம். அனுப்புறதுன்னா எங்களை அனுப்புங்க."

வாயே தொறக்காதவ கூடையை இறக்கி வச்சிட்டு, "ஆமாங்க"ன்னா.

நல்ல கை ரெண்டையும் அனுப்பிட்டு அவரு தொரைகிட்ட என்ன பதில் சொல்லுவாரு? முணுமுணுத்துக்கிட்டே போயிட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை பதுளைக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரு என் விரலைப் பாத்துட்டு, "கறை பிடிச்சிருக்கே, வேலை பழகிட்டியா?"ன்னு சிரிச்சாரு. நான் ஊட்டுன கஞ்சியை ரெண்டு வாய் குடிச்சாரு. பொழுது சாயிறதுக்குள்ள, என் கையைப் பிடிச்சபடியே போயிட்டாரு.

ஹல்துமுல்லையில நான் புல்லு வெட்டிக்கிட்டு இருந்திருந்தா, அவரு கட்டில் பக்கத்துல ஒரு ஆளு இருந்திருக்காது. அந்தக் கொடுப்பினை அவளுக ரெண்டு பேரும் எனக்குக் குடுத்தது.