சோதிக்காமல் போட்ட கையெழுத்து

கும்மிடிப்பூண்டியில் கடல் ஆய்வுக் கருவிகளுக்கு உறை செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். அண்டார்டிகாவில் பென்குயின்களின் முதுகில் ஒட்டும் கருவிகள் அவை. பென்குயின்கள் எங்கே இரை தேடுகின்றன என்று அவற்றில் பதிவாகும். அந்த இடங்களில் மீன்பிடிக் கப்பல்களை விடலாமா என்று முடிவெடுக்க அது உதவும்.

அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்த உறைகளைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் வந்தபோது லாரி துறைமுகத்துக்குக் கிளம்பியிருந்தது. சூப்பர்வைசர் தேவியக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற? அண்டார்டிகாவுக்கு அந்தக் கப்பலு வருஷத்துக்கு ஒருவாட்டிதான் போவுது!"

அக்கா உடனே லாரி டிரைவருக்குப் போன் போட்டார். டிரைவர் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். துறைமுக வாசலில் வரிசையில் நின்றிருந்தார்.

"அண்ணே, உள்ள போவாத. வண்டியத் திருப்பு!"

திரும்பி வந்த பெட்டியைச் சோதித்தோம். இரண்டு உறைகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது.

"வேல போயிடுமாக்கா?"

"நடந்தத எழுதித்தான் ஆவணும். நீயா வந்து சொன்னதையும் எழுதுறேன்."

பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், குளிரில்தான் கருவி கெட்டது என்று நினைத்திருப்பார்கள். என்னை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.