சாக்லேட் தாள் சுற்றிய சாவி

காலை ஐந்தே முக்காலுக்கு ரஷாத்தின் போன் வந்தது. "அண்ணே, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் அப்பா அமானுல்லா பாய் தூக்கத்திலேயே போயிருந்தார்.

கொடைக்கானல் பஜாரில் அவருக்குச் சாக்லேட் கடை. வீட்டிலேயே காய்ச்சி, அச்சில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பளபளக்கும் தாளில் சுற்றி விற்பார்கள். ஆனால் பாய்க்குச் சர்க்கரை நோய். அதனால் அவருடைய மனைவி சபுராக்கா அவரைச் சாக்லேட் இருக்கும் பக்கம் அண்டவிடுவதில்லை. யூகலிப்டஸ் தைலம் அடுக்கிய மூலையில்தான் அவருக்கு நாற்காலி. அங்கே உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய கார் வாங்குகிறவர்களோடு துணைக்குப் போய் காரைப் பார்த்துச் சொல்வது.

அதற்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இம்மொபிலைசர். இப்போதைய கார்ச் சாவியின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கார் அந்தச் சில்லை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். வெறும் கள்ளச்சாவி வெட்டிக்கொண்டு வருகிறவன் திருகிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, சாவியின் தலையை அலுமினியத் தாளில் நன்றாகச் சுற்றி மறைத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். கார் ஓடக்கூடாது. ஓடினால் காவல் செத்துவிட்டது என்று பொருள்.

"புதுசாப் பிரிச்ச சாக்லேட் தாள்தான் இதுக்குச் சரிப்படும்" என்பார் பாய். "பழைய தாள்ல சிக்னல் கசிஞ்சிரும். ஒரு சுத்தும் பத்தாது, நாலு சுத்து வேணும்." நாலு சுற்றுக்கு நாலு சாக்லேட். கடையில் தாள் சுருள் சுருளாகக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. என் கணவர் செந்தில்வேல் டாக்ஸி ஓட்டுகிறார். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் கிடையாது, சரிவில் ரோட்டோரமாகத்தான் விட வேண்டும். அப்படி விட்டிருந்த எங்கள் முதல் காரை எவனோ கொண்டுபோய்விட்டான். அதில் இந்தச் சில்லு சமாச்சாரமெல்லாம் இல்லை. கார் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு வேறொருவர் வண்டியை ஓட்டி, ஒருவழியாக இரண்டாவது காருக்குத் தேறினோம். இதுவும் போனால் மூன்றாவது என்று ஒன்று கிடையாது.

அய்யம்பாளையத்தில் மணியன் என்ற தென்னந்தோப்புக்காரர் கார் விற்பதாகக் கேள்விப்பட்டு மூவரும் இறங்கிப் போனோம். கார் நன்றாக இருந்தது. என் கணவர் அதைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு மினுக்குது பாருங்க பாய்" என்றார் மணியன், ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த காவல் விளக்கைக் காட்டி. "திருட்டுப்பய கிட்ட நெருங்க முடியாது."

"கல்யாண வீட்டு சீரியல் லைட்டும்தான் மினுக்குது. அத நம்பி வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போவீங்களா?" என்றபடி பாய் சீட்டில் உட்கார்ந்து, ஜிப்பாப் பையிலிருந்து முதல் சாக்லேட்டை எடுத்துப் பிரித்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவதை அவர் வாயில் போட்டபோது மணியன் பொறுமை இழந்தார்.

"கார் பாக்க வந்தீகளா, திங்க வந்தீகளா?"

"எனக்கு ரெண்டும் ஒரே சோலிதாங்க."

நான்கு தாளும் சுற்றிய பிறகு சாவியைத் திருகினார். கார் உடனே ஓடியது. மணியனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீகளா! எதச் சுத்துனாலும் ஸ்டார்ட் ஆயிரும். நம்ம வண்டி அப்படி!"

"அதாங்க கோளாறே" என்றார் பாய்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பாய் அதைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் எட்டிப் பார்த்தார். சாவித் துவாரத்தை ஒட்டி, மஞ்சள் துணியில் ஒரு பொட்டலம் கட்டியிருந்தது.

"தொடாதீக பாய்! அது பழனித் திருநீறு. அதக் கட்டுனப்புறந்தான் வண்டி மக்கர் பண்றதில்ல. எந்தச் சாவியப் போட்டாலும் முருகன் ஓட்டிருவான்."

பாய் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "தாராளமா ஓட்டட்டும். ஆனா கள்ளச்சாவி போடுறவனுக்கும் சேத்து ஓட்டிட்டா இந்தத் தம்பி எங்க போவாரு? ஏற்கெனவே ஒண்ணப் பறிகுடுத்த மனுசன்." பிறகு வாசலில் நின்ற மணியனின் மனைவி ஜோதிமணியிடம், "அம்மா, நான் தொடல. நீங்களே உங்க கையால அவுத்துப் பாருங்களேன்" என்றார்.

அந்த அம்மாள் ஒரு பித்தளைத் தட்டோடு வந்து பொட்டலத்தை அவிழ்த்தார். திருநீற்றுக்கு நடுவே பாதிப் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புச் சில்லு கிடந்தது.

"அந்தச் சாவிக்கடைக்காரன் எதுக்கு நம்ம திருநீற வாங்குறான்னு நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார் கணவரைப் பார்த்து.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. காரோடு வந்த சாவிகள் இரண்டு. அதில் ஒன்றைப் பழனியில் காவடிக் கூட்டத்தில் தொலைத்துவிட்டார்கள். மணியன் மலிவாக, சில்லில்லாத ஒரு மாற்றுச் சாவி வெட்டி வாங்கினார், அது காரை ஓட்டவில்லை. சாவிக்கடைக்காரர் மிச்சமிருந்த நல்ல சாவியின் தலையிலிருந்த சில்லைப் பிடுங்கி, யாரும் கை வைக்கத் துணியாத இடமாகப் பார்த்துப் பொதிந்துவிட்டார். சில்லு எப்போதும் துவாரத்தின் பக்கத்திலேயே இருப்பதால், எந்தச் சாவி வந்தாலும் கார் கதவைத் திறந்து வைத்துக் கும்பிட்டது.

பாய் சில்லைத் துடைத்து அந்த நல்ல சாவியின் தலைக்குள் திரும்பப் பொருத்தினார். மறுபடி தாள் சுற்றித் திருகினார். எஞ்சின் கர்ர் கர்ர் என்று இழுத்ததே தவிர ஓடவில்லை.

"ஓடல! ஓடல!" என்று அவர் கைதட்ட, மணியன் துக்க வீட்டில் நிற்பவர் போல நின்றார். தாளை எடுத்தபின் கார் ஓடியது. முதல் கார் போனதிலிருந்து என் கணவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அப்ப இத்தன நாளும் ஓட்டுனது முருகன் இல்லையா?" என்றார் மணியன்.

"அவன்தான்" என்றார் ஜோதிமணி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டே. "இல்லாட்டி தொறந்து கெடந்த வண்டிய ஒருத்தனும் தூக்காம இருந்திருப்பானா?"

"அது நூத்துக்கு நூறு உண்மைங்க" என்றார் பாய்.

காரை அன்றே பேசி முடித்தோம். மலை ஏறும்போது பாய் பின்சீட்டிலிருந்து ஒன்று சொன்னார். "தம்பி, தொலைஞ்ச சாவியோட சில்ல இந்தக் கார் இன்னும் மறக்கல. அது எவன் கையில கெடச்சாலும் வண்டி ஓடிரும். மெஷின் வச்சு அழிச்சிரணும். வத்தலக்குண்டுல ஒருத்தர் இருக்காரு. சீசன் முடியட்டும், ஒரு நா வெள்ளனே எறங்கி வெரசா முடிச்சிட்டு வந்திருவோம்."

சீசன் முடிந்து ஒருமுறை இறங்கினோம். வழியில் யாரோ ஒரு காரைக் காட்டினார்கள். பாயும் பையில் கை விட்டார். பொழுது அங்கேயே போய்விட்டது. இன்னொரு முறை போனபோது அந்தக் கடையில் கரண்ட் இல்லை.

இன்று சபுராக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்து, "நெசத்தச் சொல்லு புவனா, உங்க காருக்கு எத்தன தின்னாரு?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா."

"பொய் சொல்லாத" என்றவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

என் கணவர் காரைப் பள்ளிவாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டு அடக்கத்துக்குப் போனார். மண் போட்டுத் திரும்பியதும், கார் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்த்ததாகக் கூச்சத்தோடு என்னிடம் சொன்னார். கார் நின்றிருந்தது. பழனியில் தொலைந்த சாவியை இன்னும் அதிலிருந்து அழிக்கவில்லை.