ஏலகிரியில் குறுக்கே நின்ற வீடு

சின்ன வயதில் அஃப்ஷாவுக்கு மழை என்றால் கொண்டாட்டம். கட்டிட வடிவமைப்பாளராகி, ஏலகிரிச் சரிவில் தன் முதல் வீட்டைக் கட்டிக் கொடுத்த பிறகு, வானம் கறுத்தாலே பயம்.

வீடு முக்தார் அகமதுவுடையது. ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருப்பவர், அவள் அப்பாவின் தோஸ்த். வெளியாளுக்குப் போக வேண்டிய வேலையை அவளை நம்பிக் கொடுத்தார். அவளும் ஆசை ஆசையாகத்தான் வரைந்தாள். ஒரு மரத்தையும் வெட்டவில்லை. சரிவைத் தோண்டிச் சமப்படுத்தாமல் இரும்புத் தூண்களின் மேல் வீடு. காட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, மரப்பட்டை நிறத்தில் கூரை. வீடு சரிவோடு நீளவாக்கில் இறங்கியதால், மழைத் தண்ணீர் பக்கத்துத் தடத்தில் தன்பாட்டுக்கு ஓடிவிடும்.

வேலை தொடங்கும் முன் வரைபடத்தைப் பார்த்த முக்தார், "கக்கூஸ்ல உக்காந்தா மூஞ்சி கிப்லா பக்கம் இருக்கேம்மா" என்றார்.

தொழும் திசைக்கு முகமோ முதுகோ காட்டி அங்கே உட்காரக் கூடாது. தெரிந்தே வளர்ந்த பெண் அதை மறந்து வரைந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பீங்கானை மட்டும் திருப்பினால் போதும். குளியலறை கொஞ்சம் நெருக்கடியாகும், அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வராமல், முழு வீட்டையும் குறுக்கே திருப்பிக் கொடுத்தாள் மகராசி. காட்சி முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். இரண்டு தூண்கள் தண்ணீர்த் தடத்துக்குள் போய்விட்டதை அவள் மட்டும் கவனித்தாள். ஆழமாகப் போட்டால் நிற்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முக்தாரும் அவர் மனைவி பக்ருன்னிசாவும் அங்கே தங்கப் போன முதல் வெள்ளிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. அஃப்ஷா காரை எடுத்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் செம்மண் தண்ணீர் ரோட்டைக் கடந்தது. வீடு உருண்டு கிடப்பதாகவே அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

வீடு நின்றது. ஆனால் தடத்திலிருந்த ஒரு தூணின் அடியில் மண் கரைந்து, கான்கிரீட் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. தூணில் கை வைத்தாள். உடனே படியேறி ஓடினாள்.

மேலே இருவரும் கண்ணாடி ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய வந்துடுங்க சாச்சா."

"இன்னாத்துக்கு? மழ பாக்கத்தானே கட்டுனோம்."

"வீட்ட தண்ணி வர்ற வழியில திருப்பிட்டேன். தப்புன்னு அப்பவே தெரியும். உங்ககிட்ட சொல்ல பயந்துட்டேன்."

பக்ருன்னிசா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முக்தார் குடையை எடுத்தார். மூவரும் காரில் அமர்ந்து, மழை விடும்வரை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது விழவில்லை. விழுந்திருந்தால் திட்டாவது கிடைத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இப்ப இது விழுமா, விழாதா?" என்றார் முக்தார்.

"தெரியல சாச்சா."

அவர் சாவியை அவள் கையில் வைத்தார்.

"சரி பண்ணு. பண்ணிட்டு, நல்லா மழ பெய்யற அன்னைக்கு நீ வந்து இதுல தூங்கு. காலைல போன் போடு. அப்புறம் நாங்க வர்றோம்."