வயசுக்கேற்ற வைத்தியம்

ஒன்பது வயதில் எனக்கு அது முதல் முறை வந்தபோது அதற்குப் பெயர் பூச்சி. காலையில் கண் விழித்தால் நெஞ்சின் மேல் யாரோ நனைந்த சாக்கை மடித்து வைத்த மாதிரி இருக்கும். விளையாடப் பிடிக்காது, சோறு இறங்காது. அம்மா என் கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், "வகுத்துல பூச்சிதான்" என்று தீர்ப்பு வழங்கினாள். விளக்கெண்ணெய் வந்தது. வயிறு காலியானது, சாக்கு அப்படியே இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் துக்கம் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் ஊரே சிரித்திருக்கும். துக்கமெல்லாம் நிலபுலன் மாதிரி, பெரியவர்கள் பேரில்தான் இருக்க வேண்டும்.

சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். சில வாரங்களில் அது தானாகவே போய்விடும், பேர் விளக்கெண்ணெய்க்குப் போகும். மறுபடி வரும், மறுபடி எண்ணெய். திருக்கொச்சி என்று இருந்தது கேரளம் என்று ஆனது, ஆபீஸ்களில் போர்டு எல்லாம் மாறியது. விளக்கெண்ணெய் மட்டும் மாறவில்லை.

பதினாறு வயதில் வந்தபோது நான் பூச்சி வயதைத் தாண்டியிருந்தேன். அந்த வயதுப் பெண்ணுக்கு முனி. உச்சிப் பொழுதில் பனங்காட்டு வழியே போனாளா, தலையை விரித்துப் போட்டிருந்தாளா என்று விசாரணை நடந்தது. மந்திரிக்கிறவர் வந்து வேப்பிலையால் அடித்தார். நான் ஆடவும் இல்லை, அலறவும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். "இது ஊமை முனிங்க" என்று சொல்லி இன்னொரு கோழி கேட்டார்.

கடைசியில் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் கல்யாணம் செய்துவைக்கலாம், சிவப்பு வந்தால் இன்னொரு பூசை. வெள்ளை வந்தது. பூவைக் கேட்டார்கள், சாமியைக் கேட்டார்கள், என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்பா இந்த வைத்தியம் எதிலும் தலையிட மாட்டார். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அவர் களத்துச் சாளைக் குடிசையில் கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். வாரக்கணக்கில் யாரோடும் பேச்சில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். பண்ணையாட்கள் குரலைத் தாழ்த்தி, "பண்ணாடி யோசனைல இருக்காருங்க" என்பார்கள். அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட அப்பாவின் மௌனத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். "என்ன கம்பீரமுங்க!" என்று சொல்லி, சம்மதத்துக்கு அடையாளமாக அங்கேயே சாப்பிட்டுக் கையை நனைத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். சாந்தன்பாறைக்கு அருகே ஏலக்காடு வாங்கி அங்கேயே குடியேறியிருந்தார்கள். மழை, பனி, அட்டை, மறுபடி மழை. பதினெட்டு வயதில் அங்கே எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கூடவே அதுவும் வந்தது, முன் எப்போதும் இல்லாத வேகத்தில். இந்த முறை பெயர் சோம்பேறித்தனம். பிள்ளை பெற்றவளுக்கு முனி பிடிக்காதாம், சொகுசுதான் பிடிக்குமாம்.

"நாங்கெல்லாம் பெத்த மூணாம் நாளே காட்டுக்குப் போனவங்க" என்றார் மாமியார். அவர் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு ஒரு நாள் குறைந்துகொண்டே வந்தது. லேகியம் உருட்டி வாயில் திணித்தார். குழந்தை அழும், எனக்குக் கேட்கும், கை நீளாது. என் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர்கள் தாயார் முன்னால் வாய் திறப்பதில்லை என்பதால் அவரும் திறக்கவில்லை.

ஒரு நாள் மாமியார் முடிவெடுத்தார். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது, குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்வது. அப்பாவுக்குத் தந்தி போயிற்று. நான் கதறியிருக்க வேண்டும், கதறவில்லை. அனுப்பினால் அனுப்பட்டும், என் கையில் வளர்வதைவிடக் குழந்தை இங்கே நன்றாகவே வளரும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே, அதைவிடப் பெரிய பயம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

அப்பா பொள்ளாச்சியில் பஸ் ஏறி, போடி வந்து, மலைக்கு ஜீப் பிடித்து, நனைந்துகொண்டே வந்து இறங்கினார். மாமியார் என் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு நான் படுத்திருந்த அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். திட்டத்தான் போகிறார் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெடியால எந்திரிக்கறப்பத்தான் ரொம்ப மோசமா இருக்குமா, அம்மிணி?"

நான் திரும்பினேன்.

"பொழுது எறங்குனா கொஞ்சம் லேசாகுமா? அப்பறம் மறுநா வெடியால மறுக்கா வந்து உக்காந்துக்குமா?"

"ஆமாங்கப்பா. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் சாளையில படுத்துக் கெடந்தது பின்ன எதுக்குன்னு நெனச்சே?"

"நீங்க யோசனைல இருக்கீங்கன்னுதான் எல்லாரும்..."

"என்னத்த யோசனை! எந்திரிக்க முடியல அம்மிணி. கெணத்துப் பக்கம் போவக்கூடாதுன்னுதான் கட்டில உட்டு எறங்காமக் கெடந்தேன்."

மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் அப்பாவின் கையைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

"அப்ப உங்களுக்கு யாருமே வைத்தியம் பாக்கலீங்களா?"

"உனக்கு வேப்பலையில அடிச்சாங்க. எனக்குக் கும்புடு போட்டாங்க. கும்புடு வாங்கறவன் போயி எனக்குச் சீக்குன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியில் அழுகையாக மாறிவிட்டது. அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததும் அன்றுதான்.

பிறகு எழுந்து வெளியே போனார். "இது சீக்குங்க. வைத்தியம் பாத்துக் கூட்டியாறேனுங்க. கொழந்தையும் அதோட அம்மா கூடத்தான் வருது" என்றார். அவ்வளவுதான் பேசினார். மாமியார் வாயைத் திறந்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்தக் கம்பீரம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் குழந்தையைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் என் மடியில் வைத்தார். அவர் பங்குக்கு அதுவே பெரிய புரட்சி.

கோயமுத்தூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். அம்மா குழந்தையோடு கூட வந்தாள். வாசலில் கம்பவுண்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "நோயாளிக்கு வயசு என்னங்க?" என்று கேட்டார்.

அம்மா என்னைக் காட்டி, "பதினெட்டுங்க" என்றாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஒருத்தருக்குப் பதினெட்டுங்க" என்றார். "இன்னொருத்தருக்கு அம்பத்தி ரெண்டு."