பிரேக் இல்லாத வண்டிக்கு வந்த கடிதம்

கனடாவிலிருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணை, தன்னுடைய பழைய இழுவை வண்டியைக் கப்பலேற்றி எங்களுக்கு அனுப்பினார். அங்கே கோடை விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துப் போய், குடும்பத்தோடு படுத்தெழும்புகிற வண்டி. உடுப்பிட்டிக்கு வந்ததும் உள்ளே இருந்த கட்டிலைக் கழற்றிவிட்டு நாங்கள் அதில் இடியப்பக் கடை போட்டோம். கதவு நடுவீதிப் பக்கம் திறக்கும். வீதியின் வலப்பக்கம் ஓடுகிற கனடா வழக்கம் அது, நாங்கள் குறை சொல்லவில்லை.

காலையில் எங்கள் வான் வாகனத்தின் பின்னால் அதைக் கொளுவி, வல்லை வெளி தாண்டி மருதனார்மடச் சந்திக்கு இழுத்துப் போவேன். மனைவி வண்டிக்குள் இருந்து, இடியப்பத்துக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பால் சொதிச் சட்டி சிந்தாமல் பிடித்துக்கொண்டு வருவாள். ஓடுகிற இழுவை வண்டிக்குள் ஆள் இருக்கக்கூடாது என்று எங்கேயாவது சட்டம் இருக்கலாம். சொதி சிந்தக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வான் ஓட்ட அவளிடமும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் சொதி பிடிக்கிற திறமை எனக்கு இல்லையென்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் மச்சான் ஒரு கடிதத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வண்டியைச் செய்த கொம்பனி எழுதியது. ஓட்டத்தில் வண்டி கழன்றுபோனால் ஒரு கம்பி இழுபட்டு, பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். அந்த அவசரப் பிரேக்கின் சுவிட்ச் பழுதாகச் செய்யப்பட்டுவிட்டதாம். வண்டியை உடனே நிறுத்தி, அருகிலுள்ள முகவரிடம் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்களாம். மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். அருகிலுள்ள முகவருக்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு சமுத்திரங்கள் மட்டும்தான்.

கடிதத்துக்குப் பின்னாலேயே மச்சானின் அழைப்பும் வந்தது.

“கடிதம் பாத்தனீரோ? உந்தச் சுவிட்சை உடனை மாத்தவேணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பயப்பிடாதேங்கோ மச்சான். அந்தச் சுவிட்சே எங்கடை வண்டியிலை இல்லை. வந்த புதுசிலையே கழட்டி எறிஞ்சாச்சு.”

உண்மைதான். குழிக்குக் குழி கம்பி இழுபட்டு, வண்டி நடுவீதியில் எருமை மாதிரி நின்றுவிடும். சாவகச்சேரியில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்காரர், “கழட்டிறன், ஆனால் பொறுப்பு உங்கடை” என்றார். கழற்றச் சொன்னது நான்தான். அந்த இடத்தில் கண்ணூறு படாமல் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். அவற்றில் குறை கண்டுபிடித்து இதுவரை எந்தக் கொம்பனியும் கடிதம் எழுதவில்லை.

மச்சானுக்கு முன்னம் பேசியது, பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவருடைய தங்கச்சி, என் மனைவி.

“அப்ப இவ்வளவு நாளும் என்னை உள்ளை இருத்தி, எதை நம்பி இழுத்தனீங்கள்?”

“நான் மெதுவாத்தானே ஓடுறனான்.”

“ஓம். நாளைக்கு வானை நானும் மெதுவா ஓடுறன். நீங்கள் சொதியைப் பிடியுங்கோ.”

மறுநாள் காலை வண்டிக்குள் ஒரு முக்காலியில் இருந்து, கால்களுக்கு நடுவே சட்டியை இடுக்கிக்கொண்டேன். முன் கண்ணாடியால் பார்த்தால் வானையும் வண்டியையும் பிணைக்கிற கொளுக்கி தெரிந்தது. ஒற்றைக் கொளுக்கி. ஒவ்வொரு பள்ளத்திலும் அது எழும்பி விழுந்தது. வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் அடிக்க, வண்டி ஒருபக்கமாக இழுத்தது. சொதி என் மடியில் கொட்டியது. எனக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. “நிப்பாட்டு! நிப்பாட்டு!” என்று கத்தினேன். கண்ணாடியில் தட்டினேன். அவள் மெதுவாகத்தான் ஓடினாள். ஆனால் நிறுத்தவில்லை.

சந்தியில் இறங்கியதும் அவள்மேல் பாய்ந்தேன். “நான் கத்தினது உமக்குக் கேக்கேல்லையே?”

“வானுக்குள்ளை ஒண்டும் கேக்காது” என்றாள், அரைச்சட்டி சொதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. “தொடக்கத்திலை நானும் கத்தினனான். இறங்கி உங்களிட்டைச் சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்.”